கிழங்கு வேகும் நேரம்

"ருசி போயிடுச்சும்மா" என்றார் சபாநாயகம்.

உலகம்மாள் கேரட் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதோட ருசி?"

"வாழ்க்கையோட ருசின்னு சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில அப்படித்தான் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். உண்மையைச் சொன்னா, உருளைக்கிழங்கோட ருசி."

பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

உலகம்மாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த களையை ஓரமாகப் போட்டுவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க ஐயா."

கோத்தகிரிக்கு அப்பால், தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தத் தியான இல்லம். உலகம்மாள் ஒரு காலத்தில் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். இப்போது எதையும் நடத்துவதில்லை. கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் இல்லை. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவர் சபாநாயகத்தைவிட வயதில் மிகவும் இளையவர். முதல் தடவை வந்தபோது அவரை 'அம்மா' என்று கூப்பிடச் சபாநாயகத்துக்கு நாக்கு கூசியது. அடுத்த தடவை கூசவில்லை.

சபாநாயகமும் வரப்பில் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தார்.

அவர் வேலை பார்த்தது மலையில் ஒரு நீர்மின் நிலையத்தில். குடியிருப்பு அணைக்குப் பக்கத்திலேயே. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளும். துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அந்த வீட்டில், அவருக்கு முன்னால் குடியிருந்த அதிகாரி மாற்றலாகிப் போகும்போது தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போன ஒரு ஓவன் இருந்தது. இரும்புப் பெட்டி மாதிரி கனம். கதவு சரியாக மூடாது. திலகவதி ஒரு கரண்டிக் காம்பை முட்டுக்கொடுத்து அதை மூடுவாள்.

திலகவதி அவர் மனைவி. போன வருஷம் இறந்துபோனாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா உருளைக்கிழங்கு. செம்மண்ணு போகக் கழுவி, துடைச்சு, முள்கரண்டியால குத்தி, எண்ணெயும் கல்லுப்பும் தேய்ச்சு உள்ள வச்சிருவா. ஒரு மணி நேரம் ஆகும். சில நாள் அதுக்கு மேலயும் ஆகும். மொதல்ல ஒரு வாசனையும் வராது. அப்புறம் மண்ணு வாசனை. அப்புறம் ஏதோ பால் பொங்குற மாதிரி. கடைசியில தோல் கருகப் போற வாசனை வரும் பாருங்க, அப்ப வெளியில எடுப்பா."

"ம்."

"மேல குறுக்கும் நெடுக்குமா ஒரு வெட்டு. ரெண்டு பக்கமும் விரலால ஒரு அழுத்து. பூ மாதிரி விரியும்மா. வெள்ளை வெளேர்னு. ஆவி மூஞ்சில அடிக்கும். வெண்ணெய் வச்சு, மிளகு தூவி, என் கையில கொடுப்பா. தோலைக் கடிச்சா சத்தம் கேட்கும். அந்தக் குளிர்ல அதை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு…"

அவர் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்கே உறைத்ததும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப கோயம்புத்தூர்ல மக வீட்டுல இருக்கேன். ஓவன் கிடையாது. மைக்ரோவேவ் இருக்கு. வச்ச கொஞ்ச நேரத்துல கிழங்கு வெளிய வந்துடுது. நான் மின்சாரத்துல காலம் தள்ளினவன், அது என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியும். கிழங்குக்குள்ள இருக்கிற தண்ணியைப் பிடிச்சு உலுக்குது. தண்ணி சூடாகி, கிழங்கு தன் ஆவியிலயே வெந்துடுது. வெந்துடுது, அவ்வளவுதான். சுட்ட கிழங்கு ஆகலை. தோல் மழையில நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கு."

"அதனால?"

"அதனாலன்னா? ருசி போயிடுச்சு."

உலகம்மாள் எழுந்தார்.

"இங்க அடுக்களையில ஓவன் இருக்கு. கிழங்கும் இருக்கு. செய்ங்க."

"எனக்கா?"

"உங்களுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு."

சபாநாயகம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார்.

மகள் மதிவதனி ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கணவன் கப்பலில். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பவன். போன ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் அவள் நல்ல வெண்ணெயாகத் தேடி வாங்கி வந்தாள். புடவைகூட மாற்றாமல் கிழங்கைக் கழுவி மைக்ரோவேவில் வைத்தாள். மேலே வெட்டி, வெண்ணெய் வைத்து, மிளகு தூவி, அப்பாவின் முன்னால் வைத்தாள்.

அவர் ஒரு வாய் தின்றார். தட்டைத் தள்ளினார்.

"உங்கம்மா இருந்திருந்தா இதை மாட்டுக்குக்கூடப் போட்டிருக்க மாட்டா."

மதிவதனி தட்டை எடுத்துக்கொண்டு போய், சமையல் மேடையருகே நின்றபடியே அதைத் தின்று முடித்தாள்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு, கோத்தகிரி போவதாக ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்துவிட்டு, அவர் பையை எடுத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறிவிட்டார்.

அடுக்களைப் பொறுப்பு எஸ்தருடையது. ரொட்டி சுடும் ஓவனை அவருக்காக ஒழித்துக் கொடுத்தார்.

சபாநாயகம் கிழங்குகளைத் தேர்ந்தெடுத்தார். கழுவினார், துடைத்தார், குத்தினார், எண்ணெயும் உப்பும் தேய்த்தார். உள்ளே வைத்து எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாதி வேக்காடு மைக்ரோவேவ்ல வச்சுட்டு மீதியை ஓவன்ல வச்சா தோலும் முறுகும், நேரமும் மிச்சம்யா. நான் அப்படித்தான் செய்வேன்" என்றார் எஸ்தர்.

"நேரத்தை மிச்சம் பிடிக்கவா நான் இங்க வந்திருக்கேன்?"

எஸ்தர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

மண் வாசனை வந்தது. பால் பொங்கும் வாசனை வந்தது. தோல் கருகப் போகும் வாசனை வந்ததும் எடுத்து வெட்டினார். அழுத்தினார். பூ மாதிரி விரிந்தது.

ஒரு தட்டை உலகம்மாளிடம் நீட்டிவிட்டுத் தன்னுடையதைக் கடித்தார். தோல் சத்தம் போட்டது.

எல்லாம் சரியாக இருந்தது.

ஆனால் அந்த ருசி இல்லை.

உலகம்மாள் முழுவதையும் தின்றார். தோலையும் விடவில்லை.

"நல்லா இருக்கு."

"இல்லம்மா" என்றார் சபாநாயகம். "கிழங்கு சரியில்லை. இது புதுக் கிழங்கு. கொஞ்சம் பழைய கிழங்கா இருந்தா மாவாட்டம் வரும்."

மறுநாள் எஸ்தரிடம் கேட்டுப் பழைய கிழங்கு வாங்கினார். சுட்டார். மாவு மாதிரி உதிர்ந்தது. அது இல்லை.

"வெண்ணெய்" என்றார். கடைத்தெருவுக்கு நடந்து போய், அங்கே பால்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வீட்டு வெண்ணெய் வாங்கி வந்தார். அதுவும் இல்லை.

"இந்த ஓவன் புதுசு. கதவு ரொம்ப இறுக்கமா மூடுது" என்று கரண்டிக் காம்பை இடையில் செருகிப் பார்த்தார். அன்றும் இல்லை.

ஒவ்வொரு நாளும் உலகம்மாள் முழுவதையும் தின்றுவிட்டு ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"நல்லா இருக்கு."

சபாநாயகத்துக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் அவர் ஓவனைத் திறக்கப் போகும்போது உலகம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு அதுல செய்ங்க."

அவர் காட்டியது மைக்ரோவேவை. உடம்புக்கு முடியாதவர்களுக்குப் பால் சுட வைப்பதற்காக யாரோ கொடுத்துவிட்டுப் போனது.

"அதுலயா?"

உலகம்மாள் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்.

சபாநாயகம் ஒரு கிழங்கைக் குத்தி உள்ளே வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் அது மெல்லச் சுற்றியது. ஒரு வாசனையும் வரவில்லை. நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட்டார். உட்காரலாம் என்று முக்காலியை இழுப்பதற்குள் முடிந்துவிட்டது.

தட்டைக் கொண்டுபோய் வைத்தார். தோல் சுருங்கி ஈரமாக இருந்தது. பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

உலகம்மாள் அதையும் அதே நிதானத்தோடு, அதே மாதிரி, தோலோடு தின்றார்.

"நல்லா இருக்கு."

சபாநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு வித்தியாசமே தெரியலையா?"

"தெரியுதே. ஓவன்ல தோல் மொறுமொறுன்னு இருந்துச்சு, உள்ள உதிரியா இருந்துச்சு. இதுல தோல் ஈரம். உள்ள கொஞ்சம் பிசுபிசுப்பு."

"அப்புறம் எப்படி ரெண்டும் நல்லா இருக்குங்கறீங்க?"

உலகம்மாள் தட்டைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டம்மாவுக்கு எது பிடிக்கும் ஐயா? தோலா, உள்ளயா?"

சபாநாயகம் காலித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

அன்று முழுவதும் அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

கிழங்கைத் துடைக்கும் கை தெரிந்தது. கரண்டிக் காம்பை முட்டுக்கொடுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாளே, அது தெரிந்தது. புகையும் வெண்ணெயும் மணக்கும் அந்த அடுக்களையில், வீட்டிலேயே குளிரில்லாத அந்த ஒரே அறையில், ஓவனுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எதிரே நாற்காலியில் அவர். மேஜையில் பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டு மதி.

அவர் பேசிக்கொண்டிருப்பார். அணையில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, டர்பைனில் என்ன கோளாறு, மேலதிகாரி யாரிடம் எப்படி நடந்துகொண்டான். வாரம் முழுக்க வேலை, வேலை முடிந்தால் கிளப்பில் சீட்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கிழங்கு வேகும்வரை அங்கே உட்கார்ந்திருப்பார்.

அவள் அவர் கையில் தட்டைக் கொடுப்பது தெரிந்தது. அதற்கப்புறம் அவள் என்ன செய்தாள்?

அவளுடைய தட்டு எங்கே இருந்தது? அதில் என்ன இருந்தது?

எத்தனையோ வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில்கூட அவருக்கு அது தெரியவில்லை.

காலையில் உலகம்மாள் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

"தெரியலம்மா."

"யாருக்குத் தெரியும்?"

"மகளுக்குத் தெரிஞ்சிருக்கலாம்."

உலகம்மாள் குழாயை மூடினார். ஈரக் கையோடு வாசலை நோக்கி நடந்தார். அங்கே கேட் சாத்தித்தான் இருந்தது, பூட்டியிருக்கவில்லை. அதை விரியத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சபாநாயகம் அசையவில்லை.

"அவகிட்ட கோவிச்சுக்கிட்டு வந்தேம்மா. அதை நான் உங்ககிட்ட சொல்லல."

"தெரியும்."

"எப்படி?"

"கிழங்கைப் பத்திப் பேச யாரும் இவ்வளவு தூரம் மலை ஏறி வர மாட்டாங்க."

அவர் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். உலகம்மாள் அப்போதும் கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

மதிவதனி வீட்டுக்கு வரும்போது விளக்கேற்றும் நேரம். வாசலில் அப்பாவின் செருப்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

"எப்பப்பா வந்தீங்க? போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே. எத்தனை தடவை கூப்பிட்டேன், எடுக்கவே இல்லையே நீங்க."

"மத்தியானம் வந்தேன். உட்காரும்மா."

"இருங்க, தோசை ஊத்தறேன். மாவு இருக்கு."

"உட்காரு. நான் வைக்கிறேன்."

அவர் ஏற்கெனவே கிழங்குகளைக் கழுவித் துடைத்துக் குத்தி வைத்திருந்தார். மைக்ரோவேவைத் திறந்து அவற்றை உள்ளே வைத்தார். பொத்தானை அழுத்தினார். உள்ளே விளக்கு எரிந்தது. கிழங்குகள் சுற்றத் தொடங்கின.

மதிவதனி அவரையும் மைக்ரோவேவையும் மாறி மாறிப் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றக்கூட மறந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மதி, உங்கிட்ட ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்கப்பா."

"உங்கம்மாவுக்குக் கிழங்குல எது பிடிக்கும்? தோலா, உள்ளயா?"

"எந்தக் கிழங்கு?"

"ஞாயித்துக்கிழமைக் கிழங்கு. அணை வீட்டுல."

மதிவதனியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

"அம்மா அதைச் சாப்பிடவே மாட்டாங்களேப்பா."

சபாநாயகம் சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ராத்திரி நேரத்துல கிழங்கு அவங்களுக்கு ஒத்துக்காது. நெஞ்சைக் கரிக்கும். ரெண்டு வாய் ரசஞ்சாதம் சாப்பிட்டுப் படுத்துடுவாங்க. அவங்க பங்கு எனக்குத்தான் வரும். நீங்க கவனிச்சதில்லையா?"

"இல்லை."

சபாநாயகம் கண்ணாடிக்குப் பின்னால் சுற்றும் கிழங்குகளைப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்கு ஒரு வாரம்கூட விடாம செஞ்சா? எனக்காகவா?"

"நானும் அம்மாகிட்டக் கேட்டிருக்கேன்" என்றாள் மதிவதனி. "எனக்கு அப்ப பரீட்சை நேரம். பசி தாங்காது. ஏம்மா இப்படி ஒரு மணி நேரம் காக்க வைக்கிற, குக்கர்ல ஒரு விசில் விட்டுட்டு அப்புறம் ஓவன்ல வச்சா சட்டுனு ஆயிடுமேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

மதிவதனி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"விடுங்கப்பா. எப்பவோ நடந்தது."

"என்ன சொன்னா மதி?"

"சீக்கிரம் வெந்துட்டா உங்கப்பா எழுந்து போயிடுவாருடின்னு சொன்னாங்க."

சபாநாயகம் அவளுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்தார். அதில் உட்கார அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

மேஜைமேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அணை வீட்டில், ஓவனுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்றைக்காவது எதையாவது சொல்ல வந்திருப்பாளா? சொல்லியிருப்பாளா? டர்பைன் ஞாபகம் இருந்தது. மேலதிகாரியின் பெயர்கூட ஞாபகம் இருந்தது.

மதிவதனி எழப் போனாள். "தண்ணி கொண்டு வரேன்பா."

"வேணாம். உட்காரு."

உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு வேலையில என்ன நடந்துச்சு?"

"என்னது?"

"உன் வேலையில. இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்."

மதிவதனி அவரை உற்றுப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவர் இதுவரை கேட்டதில்லை.

"ஒண்ணுமில்லப்பா. வழக்கம்போலத்தான்."

அவர் காத்திருந்தார்.

"ஒரு பெரியவர் வந்திருந்தாரு" என்றாள் அவள். "ரத்தம் எடுக்க. நல்ல மீசை, ஆளு ஆஜானுபாகுவா இருக்காரு. ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. விடவே மாட்டேங்கறாரு…"

மைக்ரோவேவ் நின்றது. கீச்சென்று கூவியது.

"கிழங்கு ஆயிடுச்சுப்பா."

"இருக்கட்டும்."

"அவர்கூட வந்த அம்மா வெளிய உட்கார்ந்திருந்தாங்க. நான் அவங்களைக் கூப்பிட்டேன்…"

மறுபடியும் கூவியது. மதிவதனி அந்தப் பக்கம் திரும்பினாள்.

"எடுக்கலைன்னா அது கத்திக்கிட்டே இருக்கும்பா. ஆறிப்போனா நல்லா இருக்காது."

"கத்தட்டும்" என்றார் சபாநாயகம். "அந்தம்மா உள்ள வந்தாங்களா?"